ஒரு அங்குலம் போதும்

(வந்தவாசியில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பழைய கதை பேசாதே, பசங்களுக்கு உபயோகமா ஏதாவது சொல்லு" என்று செயலாளர் கட்டளையிட்டுவிட்டார். எனக்குத் தெரிந்தது வண்டி. ஆகவே வண்டியைப் பற்றியே பேசுகிறேன்.

நம் வகுப்புத் தோழர் ஒருவர் பழைய மாருதி ஜிப்ஸி வைத்திருக்கிறார். குடும்பத்தோடு அடிக்கடி ஜவ்வாது மலைக்குப் போகிறவர். "மாப்ளே, கல்லுல அடி தட்டுது. நாலு அங்குலம் தூக்கிக் கொடுடா" என்றார். "முதல்ல அளந்து பார்ப்போம்டா" என்றேன்.

1985-இல் வந்த ஜிப்ஸிக்கு நான்கு சக்கரத்திலும் பட்டை ஸ்பிரிங்தான். வில் போல வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டு. வருஷக்கணக்கில் பாரம் சுமந்தால் அந்த வளைவு தட்டையாகிவிடும். இங்கே முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் நம் முதுகு மாதிரிதான்!

சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுமையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்தோம். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றும் கணக்கைக் கெடுக்கும். டிரைவர் பக்கம் மற்றப் பக்கத்தைவிட முக்கால் அங்குலம் தாழ்ந்திருந்தது. புஷ் எல்லாம் நைந்து போயிருந்தது. வண்டிக்குத் தேவை புது உயரம் இல்லை, இழந்த உயரம்.

"பட்டறையில் பழைய பட்டையையே காய்ச்சி அடித்து வளைத்துவிடலாமே?" என்று கேட்பீர்கள். ஸ்பிரிங் எஃகின் பலம் அதன் பதத்தில் இருக்கிறது. உலையில் காய்ச்சினால் அந்தப் பதம் போய்விடும். முறைப்படி மறுபடி பதம் ஏற்றாவிட்டால், சீக்கிரம் தட்டையாகும். அல்லது மலை வளைவில் உடையும். அதனால் கம்பெனிப் பட்டை, புஷ், ஷாக் அப்சார்பர், முட்டு ரப்பர், யூ போல்ட் எல்லாம் புதிதாக வாங்கினோம். ஜிப்ஸி விற்பனை 2019-இல் நின்றுவிட்டாலும் தேடினால் பாகம் கிடைக்கிறது.

மாட்டும்போது ஒரு விஷயம், மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். புஷ் போல்ட்டை வண்டி ஜாக்கியில் தொங்கும்போது முழுசாக இறுக்கக்கூடாது. சக்கரம் தரையில் பதிந்து பாரம் ஏறிய பிறகுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவது அவசியம்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு அளந்தோம். முன்னால் ஒரு அங்குலம், பின்னால் ஒன்றேகால் அங்குலம் ஏறியிருந்தது. "இவ்வளவுதானா?" என்றார் நண்பர். இவ்வளவுதான். அமெரிக்காவில் பழைய ஜீப் செரோக்கிக்கு 'அப் கன்ட்ரி' என்ற பெயரில் கம்பெனியே கொடுத்த உயர்த்தலும் சுமார் ஒரு அங்குலம்தான். வண்டியை வடிவமைத்தவர்களே அந்த அளவில் நின்றார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

உயரம் கூடக் கூட புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறும். ஸ்டியரிங் கம்பி சாயும். சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடும். வளைவில் வண்டி கவிழும் வாய்ப்பும் கூடும். இன்னொரு விஷயம். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அச்சுக்கு நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஹவுசிங் ஒரு நூல்கூட ஏறாது. அது டயரின் உயரத்தைப் பொறுத்தது. உயர்வது பாடியும் சேஸும்தான். கல்லில் தட்டுவது எது என்று குனிந்து பார்க்காமல் காசைக் கொட்டுகிறோம்.

சட்டமும் இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அந்த வண்டிக்கென்றே கம்பெனி செய்த பாகத்தைப் போட்டால் இந்தத் தலைவலி இல்லை.

நண்பர் இப்போது மலைக்குப் போய் வருகிறார். அடி தட்டுவது குறைந்திருக்கிறது. பெரிய கல் வந்தால் சுற்றித்தான் போகிறார். பின்சீட்டில் உட்காரும் அவர் அம்மா, "இப்பதான்டா குலுங்காம வரேன்" என்கிறாராம். எனக்கு அதுவே போதும்.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு ஏதாவது ஒரு பழைய இயந்திரத்தின் முன்னால் நிற்பீர்கள். புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், அது எதை இழந்திருக்கிறது என்று டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்.