நேர்த்தையல் கற்ற பின்
(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தையற்கலையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி காரியதரிசியார் பணித்தார். அக்கலையின் பெருமையை நான் விரித்துரைக்கப் போவதில்லை. நம் வீடுகளில் ஊசி பிடிக்கத் தெரியாதார் இல்லை. இயந்திரமும் அநேக இல்லங்களில் இருக்கின்றது. ஆனால் அவ்வியந்திரங்களுள் பல எந்நிலையில் இருக்கின்றன? மேலே ஒரு பழஞ்சேலைத் துண்டைப் போர்த்தி, அதன்மேல் மருந்துப் புட்டியும் பிள்ளைகளின் பாடப் புத்தகமும் அடுக்கப்பெற்று, மேசை உத்தியோகம் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இதற்குக் காரணம் சோம்பல் என்று சிலர் கூறுவர். நான் அதை ஒப்பேன். சில மாதங்கள் வகுப்புக்குச் சென்ற பெண் நேராக ஓட்டவும், ஓரம் மடிக்கவும், கிழிசல் இணைக்கவும் கற்றுக்கொள்கிறாள். மறுவாரமே ரவிக்கை வெட்டப் புகுகிறாள். கை ஏறவில்லை, கழுத்து வாய்பிளந்து நிற்கின்றது, அக்குளில் சுருக்கம் விழுகின்றது. நல்ல துணி பாழாயிற்றென்று வீட்டார் முணுமுணுக்கிறார்கள். அன்றோடு இயந்திரத்திற்குப் போர்வை விழுகின்றது. முதற்படியில் நின்றவளைப் பத்தாம்படிக்குத் தாவச் சொன்னால் விழாமல் என் செய்வாள்? இடையிலுள்ள படிகள் எவை என்பதே இன்று நான் சொல்ல வந்த விஷயம்.

இது பொழுதுபோக்குக் காரியமன்று. நம் அரசாங்கம் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்கீழ், கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர் முதலிய பெண்களுக்குத் தையல் இயந்திரத்தை இலவசமாக வழங்குகின்றது. இயந்திரம் வீடு வந்து சேர்கிறது; துணிவு வந்து சேரவில்லை. அண்டை வீட்டம்மாள் ஒரு ரவிக்கைத் துணியை நீட்டினால், இரண்டு பிள்ளைகளை வளர்க்க வேண்டிய அச்சகோதரியின் கை பின்வாங்குகின்றது. பிறர் துணியில் கத்தரி வைக்கும் தைரியம் பழக்கத்தால் வருமேயன்றிச் சான்றிதழால் வாராது. காந்தியடிகள் 1924-ஆம் ஆண்டில் இயந்திரங்களைப் பற்றி வினவப்பட்டபோது, தையல் இயந்திரம் ஒன்றைத் தம் கண்டனத்திலிருந்து விலக்கினார். மனைவி கையால் தைத்துத் துன்புறக் கண்டே சிங்கர் அதனைச் செய்தார் என்பது அவர் கருத்து. 1851-இல் உரிமை பெற்ற சிங்கரின் நோக்கம் பணமே என்பாரும் உளர். எதுவாயினும், உபயோகமின்றிக் கிடக்கும் இயந்திரம் எவர் துன்பத்தையும் தீர்ப்பதில்லை.

முதலில் இயந்திரத்தின் மனத்தை அறிதல் வேண்டும். மேல்நூலும் பாபின் நூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று பற்றிக்கொள்வதே இயந்திரத் தையல். மேலே ஒரு நிறமும் கீழே வேறொரு நிறமும் இட்டு ஒரு துண்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். கீழ்நூலின் நிறம் மேலே புள்ளியாகத் தெரிந்தால் மேல்நூல் மிக இறுகியுள்ளது. மேல்நூல் அடிப்பக்கத்தில் வளையமாகத் தொங்கினால் தளர்ந்துள்ளது. மெல்லிய மல்லுக்கு 11-ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, தடித்த துணிக்கு 16 என்பது பொது விதி. பழுதென்று மெக்கானிக்கிடம் தூக்கிச் செல்லும் முன் ஊசியை மாற்றிப் பாருங்கள். பாதி வியாதி அதிலேயே தீரும்.

இனி முதல் வேலை தலையணை உறை. இது எவர்க்கும் தெரியுமே என்று நகைக்க வேண்டாம். பிசிறு வெளியே தெரியாத இரட்டைத் தையலை இதில்தான் கற்கவேண்டும். 24 அங்குல நீளமும் 16 அங்குல அகலமும் உள்ள தலையணைக்கு, 56 அங்குல நீளமும் 17¼ அங்குல அகலமும் கொண்ட ஒரே துணி போதும். பருத்தியாயின் வெட்டுமுன் நனைத்து உலர்த்தி இஸ்திரி போடுதல் அவசியம். சுருங்குவது கத்தரிக்கு முன்னே சுருங்கட்டும். இரு முனைகளையும் அரையங்குலமாக இருமுறை மடித்துத் தைத்தபின், உறை முடிவில் எப்படித் தோன்றுமோ அப்படியே நல்ல பக்கம் வெளியே தெரியும்படி மடித்து, மிகுந்த 6 அங்குலத்தை உள்ளே செருகுக. பக்கங்களைக் கால் அங்குலத்தில் ஓட்டி, பிசிறைக் கத்தரித்து, உள்வெளியாகத் திருப்பி, இஸ்திரி போட்டு, மறுபடி ⅜ அங்குலத்தில் ஓட்டுக. நூலிழை ஒன்றேனும் வெளியே தெரியாது. பொத்தானும் வேண்டாம், நாடாவும் வேண்டாம். இதே தையல் பின்னர் மெல்லிய துணி ரவிக்கையின் பக்கத்தில் உதவும்.

இரண்டாவது துணிப்பை. ஒரு முறை மட்டும் உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டன. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் தொடங்கிற்று. ஆகவே தைத்த பை வீணாகாது. பையின் அடிமூலையை, பக்கத் தையலும் அடித்தையலும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு முக்கோணமாக விரித்து, நுனியிலிருந்து 2 அங்குலம் உள்ளே குறுக்காகத் தைத்தால், பைக்கு 4 அங்குல அகலமுள்ள அடி கிடைக்கும். தட்டையான துணி கனமுள்ள பாத்திரமாக மாறும் இரகசியம் இதுவே. பிடியை ஒரு சதுரமும் அதனுள் பெருக்கற் குறியுமாகத் தைக்கவேண்டும். ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிப் பார்ப்பதே பரீட்சை.

மூன்றாவது, பச்சைக் குழந்தையின் ஜபலா. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ஆதலின் சற்று நின்று பேசுவோம். பாவு நூலும் ஊடை நூலும் நேரே இழுத்தால் நீளாது. துணியை மூலைவாட்டமாக இழுத்துப் பாருங்கள், இரப்பர்போல் இசையும். தையற்காரர் ‘கிராஸ்’ என்பது இதனையே. வளைந்த கழுத்துக்கு நேராக வெட்டிய பட்டியை வைத்தால் அது முரண்டு பிடித்துச் சுருங்கும். மூலைவாட்டத்தில் ஒன்றேகால் அங்குல அகலமாக வெட்டிய பட்டியை, மிகச் சிறிதே இழுத்தாற்போல் வைத்து ஓட்டினால் வளைவோடு ஒன்றிப் போகும். தைத்தபின், தையலை வெட்டிவிடாமல் அதன் அருகு வரை அரையங்குலத்துக்கு ஒன்றாகச் சிறு வெட்டுக்கள் இட்டு, பட்டியை உட்புறம் மடித்துக் கையால் ஹெம்மிங் செய்க. குழந்தையின் தோலில் உறுத்துமாதலால் முடிச்சு உள்ளே மறைய வேண்டும். ஒரு ஜபலாவுக்குக் கழுத்தும் இரு கைக்குழிகளும் உண்டு. நான்கு ஜபலா தைத்தவள் பன்னிரண்டு வளைவுகளைக் கடந்தவள் ஆகிறாள். துணியோ பாட்டனாரின் பழைய வேட்டி. குழந்தைக்கும் புதுத்துணியைவிட அதுவே மெத்தென்றிருக்கும்.

கைப்பேசியில் காணொளி பார்த்தே கற்கலாமே என்று இளம் பெண்கள் கேட்கின்றனர். பார்க்கலாம், தவறில்லை. ஆனால் அதில் கை தெரிகின்றதேயன்றி, கை எவ்வளவு இழுக்கிறதென்பது தெரிவதில்லை. அதை உங்கள் விரல்தான் உங்களுக்குச் சொல்லும்.

நான்காவது ஆறு துண்டு உள்பாவாடை. மேலே குறுகிக் கீழே விரியும் துண்டுகளைத் தலைகீழாக மாற்றி மாற்றி வெட்டினால் துணி மிச்சமாகும். சாய்ந்த ஓரம் நீளும் இயல்புடையது. அதை நேரான ஓரத்தோடு சேர்த்துத் தைக்கும்போது சாய்ந்ததை அடியில் வையுங்கள். இயந்திரத்தின் பற்கள் அதை உள்வாங்கிக்கொள்ளும். ஓரம் மடிக்குமுன் ஒரு நாள் கொடியில் தொங்கவிடுக. கீழிறங்க வேண்டியது இறங்கிவிடும். பின்பு அளந்து சமப்படுத்தினால் பாவாடை ஒருபக்கம் வழியாது.

இவற்றுக்குப் பின் ரவிக்கையைப் பாருங்கள். கழுத்து ஜபலாவில் வந்தது. சாய்வோரம் பாவாடையில் வந்தது. பிசிறு மறைத்தல் உறையில் வந்தது. எஞ்சியவை டக்குப் பிடித்தலும் கை பூட்டுதலுமே. அவற்றைப் பழைய வேட்டித் துணியில் முழு ரவிக்கையாகவே தைத்து, அணிந்து, பிடிக்குமிடத்தையும் தளருமிடத்தையும் தேய்ந்த சோப்புத் துண்டால் குறித்து, பிரித்து, அத்துண்டுகளையே அளவாக வைத்து நல்ல துணியை வெட்டவேண்டும். பக்கங்களில் ஓரங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே துணி விடுங்கள். அடுத்த ஆண்டு பிரித்துவிடச் சொல்லி அதே அம்மாள் வருவாள். அப்போது விட்ட துணி உங்கள் பெயரைக் காக்கும்.

கூலிக்குத் தைக்க விரும்புவோர் ரவிக்கை வரை காத்திருக்க வேண்டுவதில்லை. சேலைக்கு ஓரம் அடித்தல், ஃபால்ஸ் வைத்தல், உள்பாவாடை, பை ஆகியவற்றிலேயே தொடங்கலாம். ஃபால்ஸ் துணியை நனைத்து உலர்த்தாமல் வைத்தால் முதற் சலவையிலேயே சுருங்கிச் சேலையின் கரையைக் கோணலாக்கும். இதைச் செய்து கொடுப்பவளிடம் வாடிக்கை நிலைக்கும்.

ஆண் பிள்ளைகளையும் உடன் அமர்த்துங்கள். கடைவீதியில் இயந்திரம் மிதிப்போரிற் பலர் ஆடவரே. வீட்டில் மட்டும் அது பெண்ணின் வேலை என்பது வேடிக்கை.

வரும் மாதக் கூட்டத்தில் சங்க அறையில் இரண்டு இயந்திரங்கள் வைக்கப்படும். முதல் நாள் தலையணை உறை. வருவோர் நனைத்து உலர்த்தி இஸ்திரி போட்ட துணி 56 அங்குலமும், இருநிற நூலும், ஒரு கத்தரியும் கொண்டுவருக. அக்கத்தரி வீட்டில் காகிதம் வெட்டாததாக இருக்கட்டும்.