சிறுதேரும் சிறுவிமானமும்

(மல்லசமுத்திரத்தில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார் ஒரு சிறுதேரைக் காட்டுகிறார். தச்சன் செய்து கொடுத்த அத்தேரில் ஏறி ஊர்ந்து செல்ல இயலாது. ஆயினும் அதனைக் கையால் இழுத்துச் சென்றே சிறுவர் இன்புறுகின்றனர். பட்டினப்பாலையிலும் ஒரு சிறுதேர் உண்டு. காயும் உணவைக் கவர வந்த கோழியை விரட்ட மகளிர் எறிந்த பொற்குழை, மூன்று உருளைகளைக் கொண்ட அச்சிறுதேரின் வழியை மறித்துக் கிடக்கிறது. பிற்காலத்தில் ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுதேர் உருட்டுதல் தனியொரு பருவமாகவே அமைந்துவிட்டது. இவ்விடங்களைப் பாடம் சொல்லுங்கால் எளிதில் மறந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. தேர் என்பது அக்காலத்துப் போர்க்கருவி. நால்வகைப் படையுள் ஒன்று. ஆகவே சங்ககாலச் சிறுவன் இழுத்து விளையாடியது ஒரு படைக்கலத்தின் சிறுவடிவமே.

இன்று உலகெங்கும் பலர் போர் விமானங்களையும் டாங்கிகளையும் குறிப்பிட்ட விகிதத்தில் சுருக்கிச் செய்து வண்ணம் தீட்டி மகிழ்கின்றனர். அவர்களுள் சிறுவரினும் பெரியவர்களே மிகுதி. இதனை வெறும் பொம்மை விளையாட்டு என ஒதுக்குவாரும் உளர். போர்வெறியை வளர்ப்பது எனக் கடிவாரும் உளர். இரண்டு கூற்றும் அக்கலையை அருகிருந்து காணாமையால் எழுந்தவை எனலாம்.

முதலில் அளவைப் பார்ப்போம். விமானங்களுக்குப் பெரிதும் வழங்கும் விகிதம் 72இல் ஒரு பங்கு. ஆங்கில அளவையில் ஆறடி நீளம் ஓர் அங்குலமாகச் சுருங்கும். டாங்கிகளுக்கு 35இல் ஒரு பங்கு. இந்த 35 எங்கிருந்து வந்தது என்பது சுவையான செய்தி. ஜப்பானின் சிசுவோக்கா நகரில் 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய தாமியா நிறுவனம், மர மாதிரிகளுக்கும் பின்னர் பிளாஸ்டிக் மாதிரிகளுக்கும் மாறியது. 1961இல் அந்நிறுவனம் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியை ஓடும் பொறியுடன் வெளியிட்டது. உள்ளே மின்கலங்களை அடக்க எவ்வளவு இடம் வேண்டுமோ அதற்கேற்ப உடலின் அளவு அமைந்தது. அதுவே உலக வழக்காயிற்று. ஒரு மின்கலம் உலகத்தார் அளவுகோலை முடிவு செய்த விந்தை இது.

72இல் ஒரு பங்கு மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் பிழை நேர்ந்தால், மெய்யான விமானத்தில் அது 7.2 சென்டிமீட்டர் பிழை. வண்ணத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும், விமானத்தின் மேல் ஏழு மில்லிமீட்டர் கனத்திற்குச் சாந்து பூசியதற்கு ஒப்பாகும். ஆதலின் வண்ணத்தை நன்கு நீர்த்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை இடுவர். இணைப்புகளில் பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, மீண்டும் பட்டி பார்ப்பர். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுவோரிடமும் திருச்செங்கோட்டில் ரிக் வண்டிக்கு வண்ணம் அடிப்போரிடமும் இதனை விளக்கத் தேவையில்லை. அவர்கள் நாள்தோறும் செய்யும் வேலையே அது. ஓரிடத்தில் மட்டும் மாதிரி செய்வோர் அவர்களினின்று வேறுபடுவர். லாரிக்குப் பளபளப்பு வேண்டும். டாங்கிக்கோ புழுதி வேண்டும். நீர்த்த கரும்பழுப்பை இடுக்குகளில் ஓடவிட்டும், வண்ணம் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளை வருடியும், ஓடி உழைத்த பொறியின் களைப்பை வருவிப்பர். புதிதாய் மின்னும் டாங்கி அவர்கள் கண்ணுக்குப் பொய்யாகத் தோன்றும்.

இப்பொய்மெய் ஆராய்ச்சி உயிர்காத்த காலமும் உண்டு. 1942இல் அமெரிக்கக் கடற்படை, விமானங்களை இனங்காணும் பயிற்சிக்காக ஐந்து இலட்சம் மர மாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களை வேண்டியது. ஐம்பது வகை விமானங்கள்; வகைக்குப் பத்தாயிரம். 72இல் ஒரு பங்கு மாதிரியை 35 அடி தொலைவில் நின்று நோக்கினால், மெய்யான விமானத்தை ஏறத்தாழ அரை மைல் தொலைவில் காண்பது போன்றிருக்கும். நிழலுருவைக் கண்டே நட்பா பகையா என்று துணிய வேண்டியிருந்ததால், மாதிரிகளுக்குக் கறுப்பு வண்ணமே பூசப்பட்டது. சிறுவன் ஒருவன் செதுக்கிய இறக்கை சற்றே பிழைபட்டால், அதனைப் பார்த்துப் பயின்ற வீரன் தன்னவரையே சுட்டு வீழ்த்தக்கூடும். உதயணன் கதையில் வரும் பொறியானை இதற்கு நேர்மாறானது. பிரச்சோதனன் உதயணனைச் சிறைப்பிடிக்க விடுத்த அந்த யானை, கண்டவரை மயக்கச் செய்யப்பட்டது. மாணவர் செய்த மரவிமானமோ மயக்கம் தெளியச் செய்யப்பட்டது. மாதிரிக்கு இவ்விரு வழிகளும் என்றும் திறந்தே கிடக்கின்றன.

இக்கலையில் தேர்ந்தோர் பொதுவாக ஒரு விமானத்தைச் செய்வதில்லை; குறித்த ஒருநாளில் குறித்த ஒருவர் செலுத்திய குறித்த விமானத்தையே செய்வர். சான்றாக நாட் என்னும் சிறுவிமானத்தைக் கொள்ளலாம். அதன் நீளம் 8.74 மீட்டர், இறக்கையகலம் 6.73 மீட்டர். சுருக்கினால் முறையே 12 சென்டிமீட்டரும் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேலும் வரும், உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் எந்த நாட்? 1965இல் பறந்ததா, 1971இல் பறந்ததா? உலோக நிறமா, மறைப்பு வண்ணமா? வாலில் எந்த எண்? விடை தேடப் புகுந்தவர் 1971 டிசம்பர் 14ஆம் நாளுக்கு வந்து சேரக்கூடும். அன்று ஸ்ரீநகர் வானூர்தித் தளத்தைப் பகைவரின் ஆறு சேபர் விமானங்கள் தாக்கின. குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுபாதையிலிருந்தே நாட் ஒன்றில் எழும்பிய நிர்மல்ஜித் சிங் சேகான், எதிர்த்துப் போரிட்டு உயிர் துறந்தார். இந்திய விமானப்படையில் பரம்வீர் சக்கரம் பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே. அவருடைய விமானத்தைச் செய்ய முற்படுபவர், ஓட்டுநர் இருக்கையை அமைக்கும்போது கையைச் சற்றே நிறுத்தாமல் இருக்க முடியுமா? அந்த அளவில் ஓராள் உயரம் இரண்டரை சென்டிமீட்டருக்கும் குறைவு. போர்வெறி என்று கடிவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய இடம் இது. அளவு சிறுத்ததனால் இறப்பு சிறுத்துவிடவில்லை.

எனினும் ஒரு குறை சொல்லியாக வேண்டும். பெட்டிகளில் அடைத்து விற்கப்படும் மாதிரிகளுள் இரண்டாம் உலகப் போரின் ஜெர்மானிய டாங்கிகளே மலிந்து கிடக்கின்றன. டைகர் டாங்கியின் உருளைகளை எண்ணிச் சொல்லும் இளைஞருக்கு விஜயந்தாவின் பெயர் தெரிவதில்லை. விஜயந்தா சென்னையை அடுத்த ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான டாங்கி. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவத்தை அடியொற்றி, 105 மில்லிமீட்டர் பீரங்கியுடன் 1965 முதல் வெளிவந்தது. தமிழ்த் தொழிலாளர் பலர் கைபட்டது. இப்போது படையில் இல்லை. அதனைச் செய்ய விரும்புவோர் வேற்றுநாட்டு மாதிரியின் உறுப்புகளை வெட்டி ஒட்ட வேண்டும். அன்றேல் அண்மைக்காலத்து முப்பரிமாண அச்சுப் பொறியை நாட வேண்டும்.

பெங்களூரில் பிறந்த மாருத் விமானத்தின் வரலாறு இன்னும் நயமுடையது. 1956இல் இந்தியா வந்து அதனை வடிவமைத்தவர் கர்ட் டேங்க் என்னும் ஜெர்மானியப் பொறியாளர். விமானம் செய்தவர் பெயர் டேங்க் என்று அமைந்தது ஒரு வேடிக்கை! உலோகத்தில் வார்க்கும் முன், முழு அளவிலேயே மரத்தால் ஒரு மிதவை விமானம் செய்தனர். அதற்கு எஞ்சின் இல்லை. 1959இல் டகோட்டா விமானம் ஒன்று அதனைக் கயிற்றால் இழுத்துச் சென்று உயரத்தில் விட்டது. தச்சன் செய்த தேரைக் கையால் இழுத்தவாறே, தச்சர் கைபட்ட விமானத்தை வானில் இழுத்தனர். கீரனார் கண்டிருந்தால் உவமையைச் சற்று மாற்றியிருப்பார். இதில் ஏறி ஊரவும் முடிந்தது. 1961 ஜூன் 17இல் உலோக மாருத் பறந்தது. மொத்தம் 147 செய்யப்பட்டன. 1971 போரிலும் அவை பங்குகொண்டன. விரும்பிய வலிமையுள்ள எஞ்சின் கிட்டாமையால் அவ்விமானம் தன் முழு ஆற்றலைக் காட்டாமலே ஓய்வு பெற்றது. மர மாதிரியாகத் தோன்றியது, இன்று அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர் மேசைகளிலுமே எஞ்சி நிற்கிறது.

விலைமிக்க பெட்டிகள் வாங்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க மாணவர் அன்று கொண்டது மரக்கட்டையும் கத்தியும் அரமுமே. இப்பக்கத்து வேலிகளில் நிற்கும் கல்யாண முருங்கை நல்ல மென்மரம். வெட்டி உலர்த்தினால் சிறுவர் கைக்கும் இணங்கும். உப்புத்தாளும் பட்டியும் எந்த ஹார்டுவேர் கடையிலும் உண்டு. நடைவண்டி செய்யும் தச்சரிடம் இழைப்புளி பிடிக்கக் கற்கலாம். அளவுகளுக்குக் கூடத் தொலைவு போக வேண்டுவதில்லை. பெங்களூரில் எச்.ஏ.எல். நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் ஒரு மாருத் நிற்கிறது. சேலத்திலிருந்து காலையில் புறப்பட்டால் கண்டுவிட்டு இரவுக்குள் திரும்பலாம். அதன் இறக்கை முனைக்கு முனை 9 மீட்டர். 72இல் ஒரு பங்கு சரியாகப் பன்னிரண்டரை சென்டிமீட்டர். நீளம் 15.87 மீட்டர். 23 சென்டிமீட்டரில் ஒரு கட்டை அறுத்துக்கொண்டால், மூக்கு முனையைச் சீவுவதற்கும் மிச்சம் இருக்கும்.