கயிற்றில் ஒட்டிய மணல்



நான் சிறுவனாக இருந்தபோது மண்டைக்காட்டு மாசிக் கொடைக்கு அப்பாவோடு வருவேன். அந்தி சாயும் நேரம் கடைக்காரர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்கை ஏற்றுவார்கள். புது மேண்டிலைக் கட்டி நெருப்பு வைத்ததும் துணி கருகி, சுருங்கி, வெள்ளைச் சாம்பல் வலையாக நிற்கும். விரல் பட்டால் பொடிந்துபோகும். பம்பு அடித்தால் அந்தச் சாம்பல்தான் கடை முழுக்க வெளிச்சம் தரும். “துணிதான் எரிஞ்சு போச்சே, பின்ன எதுப்பா வெளிச்சம் தருது?” என்று கேட்டேன். “சத்தம் போடாம வா மக்கா, கூட்டத்துல காணாமப் போயிருவ” என்றார் அப்பா.

எனக்கு விடை கிடைக்க முப்பது வருடம் ஆனது. அது பக்கத்து ஊரான மணவாளக்குறிச்சியின் கடற்கரையில் கிடந்தது.

அந்தச் சாம்பல் தோரியம் ஆக்சைடு. 99 பங்கு தோரியத்தோடு 1 பங்கு சீரியம் சேர்த்தால் பளிச்சென்று ஒளிரும் என்று ஆஸ்திரியாவின் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக் 1891இல் கண்டுபிடித்தார். ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கு மேண்டில் வேண்டியிருந்தது. மேண்டிலுக்குத் தோரியம், தோரியத்துக்கு மோனசைட் மணல். அந்த மணல் பிரேசிலிலிருந்து வந்தது, வியாபாரம் ஜெர்மானியர் கையில் இருந்தது. 1909இல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலர், அன்று இந்தக் கரையை ஆண்ட திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட்! ஓரிரு ஆண்டுகளில் மணவாளக்குறிச்சிக்கு ஆலை வந்துவிட்டது. முதல் உலகப்போர் மூண்டதும் ஆங்கிலேயர் அவரைக் கைது செய்தார்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடித்து, நார் எடுத்து அந்தக் கயிற்றைத் திரித்தவர்கள் நம் பெண்கள். (கயிறு திரிப்பது என்றால் பொய் சொல்வது என்று ஆக்கிவைத்திருக்கிறோம். திரித்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்கள்.) ஷாம்பர்க் ஒருமுறை பார்த்த மணலை அவர்கள் தினமும் முந்தானையிலிருந்து உதறினார்கள். கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் என்று சொல்ல முடியுமா? நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று திருவிதாங்கூர் அரசு அறிவித்ததே 1859இல்தான். அதிலும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று நிபந்தனை. மாராப்புக்கே போராட வேண்டியிருந்த கரையில், ஐம்பது ஆண்டுக்குள் ஆய்வுக்கூடத்துக்கு எங்கே போவது?

மிளகுக்காக வந்த டச்சுக்காரரை 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது நம் எல்லோருக்கும் பாடம். மணலுக்காக வந்தவர்களோடு சண்டையே நடக்கவில்லை. அதனால்தானோ என்னவோ அது பாடத்தில் இல்லை.

பிறகு மின்விளக்கு வந்தது, மேண்டிலின் மவுசு குறைந்தது. மணலிலிருந்த இல்மனைட்டை வெள்ளைப் பெயின்டுக்காக வாங்கினார்கள். 1945இல் அணுகுண்டு விழுந்ததும், அணு எரிபொருளுக்கு உதவும் என்று தோரியத்துக்கு மறுபடி மதிப்பு. 1947 ஜூனில், திருவிதாங்கூர் தனி நாடாக நிற்கும் என்று திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் அறிவித்தபோது, அவர் கையிலிருந்த துருப்புச் சீட்டுகளில் இந்த மணலும் ஒன்று. ஜூலை 25 அன்று அவர் மீது தாக்குதல் நடந்தது. சில நாட்களில் திருவிதாங்கூர் இந்தியாவோடு சேர்ந்தது. 1950இல் இந்திய அரிய மணல் நிறுவனம் உருவானது.

இப்போது கிள்ளியூர் வட்டத்தில் இதே மணலை எடுக்கத் திட்டம் வந்திருக்கிறது, கடற்கரை ஊர்கள் எதிர்க்கின்றன. இன்று பட்டம் பெறும் உங்களில் இயற்பியல் படித்தவர் கதிர்வீச்சை அளக்கலாம், வணிகவியல் படித்தவர் லாபம் யாருக்கு என்று கணக்குப் பார்க்கலாம். எந்தப் பக்கம் நிற்பது என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். கயிறு திரித்த பாட்டி உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், பட்டத்தைக் காட்டிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு கட்டுக் கயிற்றுக்கு என்ன கூலி, வந்து வாங்கியது யார் என்று கேட்டு எழுதி, இந்தக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். ஷாம்பர்க்கின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கூலிக் கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.