லேபர் வார்டில் எழுதப்படும் முதல் ஆவணம்



இன்று பட்டம் பெறும் செவிலியர்களே, உங்களில் பலர் வெளிநாடு போகப் பாஸ்போர்ட் எடுத்து வைத்திருப்பதாகக் கல்லூரி முதல்வர் சொன்னார். போங்கள், நன்றாகச் சம்பாதியுங்கள். நானும் அப்படிப் போனவன்தான். மலேசிய அரசு மருத்துவமனைகளில் பல வருடம் வேலை பார்த்தேன். அங்கே தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

மலேசியாவில் அரசு மருத்துவம் குடிமக்களுக்கு ஏறக்குறைய இலவசம். கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க 5 வெள்ளி. ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். வெளிநாட்டவருக்கு வேறு கணக்கு. 2014-க்குப் பிறகு அந்தக் கட்டணம் படிப்படியாக ஏறியது. வார்டில் சேரவே முன்பணம் கட்ட வேண்டும். ஐ.நா. அகதி அட்டை இருந்தால் பாதிக் கட்டணம். எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத ஒருவர், பிறந்து வளர்ந்தது அந்த மண்ணில்தான் என்றாலும், மருத்துவமனைக் கவுண்டரைப் பொறுத்தவரை வெளிநாட்டவர்.

பணத்தைக்கூடக் கடன் வாங்கிக் கட்டிவிடலாம், பிடிபடும் பயத்துக்கு என்ன செய்வது? 2001-ல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் போலீசுக்கும் குடிநுழைவுத் துறைக்கும் தகவல் கொடுக்க வேண்டும் என்பது உத்தரவு. செம்பனைத் தோட்டத்துக்கும் உணவகச் சமையற்கட்டுக்கும் இந்தச் செய்தி போய்ச் சேர ரொம்ப நாள் ஆகவில்லை.

ஒருநாள் பரோட்டா மாஸ்டர் ஒருவர் வந்தார், நம் ஊர்க்காரர். காலில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார். சிஸ்டர் பையை அவிழ்த்ததும் அறை முழுக்க நாற்றம். அவர் முகம் சுளிக்காமல் சலைன் ஊற்றிக் கழுவினார். சர்க்கரைப் புண், இரண்டு விரல்கள் கறுத்துப் போயிருந்தன. பெர்மிட் முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் முதலாளி கையில். போனில் அதன் முதல் பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தார். ஏன் முன்னாடியே வரவில்லை என்று கேட்டேன். "வந்தா புடிச்சிக் குடுத்துருவாங்கன்னு சொன்னாங்க சார்." மாத்திரையிலும் கட்டிலும் ஆற வேண்டிய புண் கத்தி வரைக்கும் போனது.

கொரோனா வந்தபோது இதே கதை பெரிய அளவில் நடந்தது. 2020 மார்ச்சில், ஆவணம் இல்லாதவர்களும் பயப்படாமல் பரிசோதனைக்கு வரலாம் என்றது அரசு. மே 1-ஆம் தேதி, தொழிலாளர் தினத்தன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் ஊரடங்கில் அடைபட்டிருந்த கட்டடங்களுக்குள் புகுந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தார்கள். அதே மாதம் புக்கிட் ஜாலில் தடுப்பு முகாமில் தொற்று பரவியது. மறு வருடம் பிப்ரவரியில், தடுப்பூசி எல்லோருக்கும் இலவசம், ஆவணம் இல்லாதவர்களுக்கும் சேர்த்து, என்று ஓர் அமைச்சர் அறிவித்தார். சில மாதத்தில் இன்னோர் அமைச்சர், பிடிக்கத்தான் போகிறோம் என்றார். அழைத்த வாயும் பிடித்த கையும் ஒரே அரசுடையவை. அப்புறம் யார் வருவார்கள்?

ஆனால் நான் சொல்ல வந்தது லேபர் வார்டைப் பற்றி. பயத்தில் ஒரு பெண் மருத்துவமனைக்கு வராமல் குடிசையிலேயே பெற்றுக்கொள்கிறாள். மருத்துவமனைச் சீட்டு இல்லாததால் பிறப்பைப் பதிவது கஷ்டமாகிறது. பதியாத பிள்ளைக்கு ஐசி எனும் அடையாள அட்டை கிடைக்காது, அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பதும் பாடு. அந்தப் பிள்ளை பெரியவளாகித் தானும் கர்ப்பமாகும்போது, அம்மாவுக்கு இருந்த அதே பயம். நாடற்றவர்கள் எங்கிருந்தோ வருகிறார்கள் என்று நினைக்கிறோம். பலரை நம் கவுண்டர்தான் உருவாக்குகிறது.

மலேசியத் தமிழர்களுக்கு இது சொந்த அனுபவம். தோட்டத்தில் மருத்துவச்சி கையில் பிறந்து, பதியாமலே வளர்ந்தவர்கள் உண்டு. குடியுரிமை கிடைக்காமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசியோடு ஆயுளைக் கழித்த தாத்தா பாட்டிகள் உண்டு. 1982-க்குப் பிறகு, கோயிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு அலுவலகம் போகாத கல்யாணம் சட்டப்படி கல்யாணமே இல்லை. அப்படிப்பட்ட தம்பதிக்குப் பிறக்கும் பிள்ளைக்கு, அப்பா குடிமகனாகவே இருந்தாலும், அம்மாவின் நிலைதான். அம்மாவிடம் ஆவணம் இல்லையென்றால் பிள்ளைக்கும் ஒன்றும் இல்லை.

பக்கத்திலேயே தாய்லாந்து இருக்கிறது. மலேசியாவைப் போல அதுவும் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்துப் போடாத நாடுதான், பணக்கார நாடும் இல்லை. ஆனாலும் 2008-ல் சட்டத்தைத் திருத்தி, தன் மண்ணில் பிறக்கும் எந்தக் குழந்தையையும், பெற்றோர் யாராக இருந்தாலும், பதியலாம் என்றது. 2010 மார்ச்சில் அமைச்சரவை முடிவெடுத்து, குடியுரிமைச் சிக்கலில் இருந்த சுமார் 4.5 லட்சம் பேருக்குத் தனி மருத்துவ நிதி ஒதுக்கியது. 2013 முதல் ஆவணமில்லாத தொழிலாளியும் பணம் கட்டி மருத்துவ அட்டை வாங்க முடிந்தது. குறைகள் ஏராளம், அட்டை வாங்காதவர்கள் நிறைய. இருந்தாலும் நோயாளி வாசலுக்கு வந்தால்தான் மற்றதெல்லாம் என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

இனி நம் ஊர். தமிழ்நாட்டு அரசு மருத்துவமனையில் பெயர், வயது, ஊர் சொன்னால் ஓ.பி. சீட்டு. மறுவாழ்வு முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களுக்கும் அங்கே இலவச சிகிச்சைதான். இதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்காக அசந்துவிட முடியாது. 2022 நவம்பரில் பக்கத்து மாநிலத்தில், தும்கூரில், பிரசவ வலியோடு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணிடம் ஆதாரும் கர்ப்பிணிகளுக்கான தாய் அட்டையும் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். வீட்டில் அவரும் இரட்டைக் குழந்தைகளும் இறந்துபோனார்கள். அதற்காக சஸ்பெண்ட் ஆனவர்களில் நர்ஸ்களும் இருந்தார்கள். அந்த நர்ஸ்களும் ஒருநாள் உங்களைப் போல மேடையேறிப் பட்டம் வாங்கியவர்கள்தான்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். நாளைக்கு ராத்திரி டியூட்டியில், ஆதாரும் கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண்ணும் இல்லாமல், உங்கள் பாஷை தெரியாத ஒருத்தி வலியோடு வருவாள். முதலில் பிரசவம் பாருங்கள். பிறகு பிறப்புப் படிவத்தை எழுதுங்கள். பிறந்த நேரம், எடை, ஆணா பெண்ணா, தாயின் பெயர் எல்லாம் உங்கள் கண்ணெதிரே நடந்தவை, நீங்கள் காதால் கேட்டவை. பிறப்புச் சான்றிதழ் குடியுரிமை ஆகாதுதான். ஆனால் இந்த ஊரில், இந்த நாளில் பிறந்த பிள்ளை இது என்று சொல்ல அதைவிட உறுதியான சாட்சி இல்லை. 2023 அக்டோபரிலிருந்து பிறப்பவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை தொடங்கிப் பலவற்றுக்கும் அந்தச் சான்றிதழைத்தான் கேட்கப் போகிறார்கள். எழுதிய படிவம் 21 நாளுக்குள் பதிவாளரிடம் போய்ச் சேர்ந்ததா என்று ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.