கோட்டை வாயிலும் கணினிக் காவலும்

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கியவர்களுக்கு அந்தக் கோட்டை வாயில் நினைவிருக்கும். உள்ளே பத்மநாபசுவாமி கோயில். வெளியே, தமிழ் வணிகர் பலர் தலைமுறைகளாகக் கடை நடத்திவரும் சாலைக் கடைத்தெரு. இன்று அவ்வாயிலில் எவரையும் தடுப்பாரில்லை. எனினும், கள்வர் பட்டியலோடு ஒரு காவலன் அங்கே நிற்பதாகக் கொள்வோம். பட்டியலில் உள்ளவனைப் பிடித்துவிடுவான். புதிய கள்வனுக்கோ வழிவிட்டு ஒதுங்குவான். கணினி வலையமைப்புகளின் காவலும் பெரும்பாலும் இத்தகையதே.

2024 ஏப்ரல் இறுதியில் இதே நகரத்து மண்டலப் புற்றுநோய் மையத்தின் கணினிகளுள் அயலார் புகுந்தனர். கதிர்வீச்சுச் சிகிச்சை தடைப்பட்டது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நம்மவர் பலர் நாடிவரும் மருத்துவமனை அது. இதனைத் தமிழில் ஊடுருவல் என்கிறோம். மலையாளத்தார் நுழஞ்ஞுகயற்றம் என்பர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, பதுங்கி நுழைவதைக் கண்முன் நிறுத்தும் அவர்கள் சொல்லே மேலாகப் படுகிறது.

பட்டியலில் இல்லாத கள்வனைக் கண்டறிவது எவ்வாறு? வழக்கத்துக்கு மாறான நடத்தையைக் கவனிக்கலாம் என்று 1987-இல் டாரதி டென்னிங் என்னும் அம்மையார் ஒரு முறையை வகுத்தார். உயிர்களின் பரிணாமத்தைப் பின்பற்றிக் கணினியைக் கொண்டு விடை தேடும் முறையை ஜான் ஹாலண்ட் 1975-லேயே நூலாக எழுதியிருந்தார். 1995-இல் பர்டூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்பி, ஸ்பாஃபோர்ட் இருவரும் பரிணாம முறையைக் கணினிக் காவலுக்குப் பயன்படுத்திப் பார்த்தனர்.

முறை இதுதான். "ஓரிடத்திலிருந்து இத்தனை விநாடிக்குள் இத்தனை தடவை தவறான கடவுச்சொல் வந்தால் மணியடி" என்பது போன்ற விதிகள் நூற்றுக்கணக்கில், எண்களை மட்டும் மனம்போனபடி மாற்றி, உண்டாக்கப்படும். பழைய பதிவேடுகளைக் கொண்டு அவற்றைச் சோதிப்பர். தேறியவற்றில் இரண்டிரண்டாக எடுத்து, ஒன்றின் பாதியை மற்றதன் பாதியோடு ஒட்டி, சிறிது திரித்து, அடுத்த தலைமுறையைப் படைப்பர். இவ்வாறு பல தலைமுறைகள் செல்லும்.

மதிப்பெண் இடுவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கள்வனைப் பிடித்ததற்கு மட்டும் மதிப்பெண் தந்தால், வருவோர் போவோர் அனைவரையும் பிடிக்கும் விதியே முதலிடம் பெறும்! ஆகவே, நல்லவரைத் தடுத்தால் மதிப்பெண் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைப்பது என்பதைக் கணினி சொல்லாது. நள்ளிரவில் நோயாளியின் கோப்பைத் திறக்கும் மருத்துவரைத் தடுத்துவிட்டால் விளைவு என்ன ஆகும்?

மற்றொரு குறையும் உண்டு. ஆராய்ச்சியாளர் நெடுங்காலம் நம்பியிருந்தது 1999-இல் வெளியான ஒரு பதிவுத் தொகுதியை. ஒவ்வோர் இணைப்புக்கும் 41 குறிப்புகள் கொண்ட அத்தொகுதியில், பலரும் எடுத்தாண்ட சிறு பகுதியில், ஐந்தில் நான்கு பங்கு தாக்குதல்களே. எந்த ஊர்க் கடைத்தெருவில் ஐவரில் நால்வர் கள்வர்? அதில் பழகிய விதி ஆய்வுக்கூடத்தில் தேறும். சாலைத் தெருவில் திணறும். அந்தந்த நிறுவனத்தின் சொந்தப் பதிவேடுகளைக் கொண்டே விதிகளை வளர்த்தாக வேண்டும்.

ஆயினும் இம்முறையில் எனக்குப் பிடித்த ஒன்று உண்டு. இவ்வாறு பிறக்கும் விதியைப் பெரும்பாலும் மனிதர் வாசிக்கலாம். இன்ன காரணத்தால் மணி அடித்தது என்று பொறுப்பாளர் அறிவார். பொருந்தாத விதியை அவரே கோடிட்டு அடித்துவிடலாம்.