தண்ணீர் சும்மா இருப்பதில்லை!
(வானொலியில் உழவர்களுக்காக ஆற்றிய உரை)



கிணற்றில் அசையாமல் நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் என்ன தோன்றும்? சாதுவாக, சும்மா கிடக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் நிற்கிற தண்ணீர் ஒரு நொடிகூடச் சும்மா இருப்பதில்லை. கீழே அழுத்துகிறது, பக்கவாட்டில் தள்ளுகிறது, தனக்குள் விழுந்த பொருளை மேலே தூக்குகிறது. மேல்பரப்பில் ஒரு தோலைப் போர்த்திக்கொண்டும் இருக்கிறது. இந்தக் குணங்களைத் தெரிந்துகொண்டால் பணம் மிஞ்சும். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் பட்டம் வாங்கி, வேலையில் சேர்ந்த புதிது. ஆத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு பெரியவர் ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை போட்டிருந்தார். பூவும் விழுதுமாக இருக்கிற நேரம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் கீழே இறங்கிப் போய்விட்டது. பம்பு கிணற்று மேட்டில் இருக்கிறது, தண்ணீர் 32 அடியில் கிடக்கிறது. மோட்டார் ஓடுகிறது, குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. “ஏன் சார், இந்த 5 குதிரைச் சக்தி மோட்டாரை எடுத்துட்டு ஏழரை வெச்சா இழுக்குமுங்களா?” என்று கேட்டார். நானும் யோசிக்காமல், “பெரிய மோட்டார்னா இழுக்கத்தானே செய்யும்” என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கார அம்மாளின் தோட்டையும் சங்கிலியையும் அடகு வைத்து மோட்டார் வாங்கினார். மாட்டிப் பார்த்தால் அப்போதும் ஒரு சொட்டு வரவில்லை. நாலு நாள் கழித்து வந்த பம்பு மேஸ்திரி கிணற்றை எட்டிப் பார்த்தார். “மோட்டார் மேல தப்பில்லைங்க, பம்பு நிக்கிற எடம் தப்பு. கீழ இறக்குங்க” என்றார். கிணற்றுக்குள் கல் நிறுத்தி மேடை கட்டி, பழைய பம்பையே இறக்கி வைத்தார்கள். பழைய 5 குதிரைச் சக்தி மோட்டாரே தண்ணீரைக் கொட்டியது. ஆனால் அதற்குள் பாதிக் கடலை காய்ந்து போயிற்று.

மேஸ்திரி சொன்னது நான் கல்லூரியில் படித்துத் தேறிய பாடம்தான். பரீட்சையில் எழுதத் தெரிந்தது, கிணற்றடியில் நினைவுக்கு வரவில்லை. பெரியவர் என்னைத் திட்டவில்லை. “விடுங்க சார். அடுத்தவனுக்காவது சரியாச் சொல்லுங்க” என்றார். அந்தக் கடனைத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் தீர்க்கிறேன்.

பம்பு இழுப்பதில்லை

பம்பு தண்ணீரை இழுக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது இழுப்பதே இல்லை. இளநீரில் குழல் போட்டு உறிஞ்சுகிறோமே, அப்போது நாம் செய்வதெல்லாம் குழலுக்குள் இருக்கிற காற்றை வெளியே எடுப்பதுதான். வெளியே உள்ள காற்று இளநீரை அழுத்தி, குழலுக்குள் ஏற்றிவிடுகிறது. பம்பும் அப்படித்தான். அது காலி இடம் செய்து கொடுக்கிறது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்று.

காற்றுக்கும் எடை உண்டு. நம் ஊர்ச் சமவெளியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் சுமார் ஒரு கிலோ எடை அழுத்திக்கொண்டிருக்கிறது. 1643-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு அறிஞர் டாரிசெல்லி ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பிக் கவிழ்த்துப் பார்த்தார். காற்றின் அழுத்தம் 76 சென்டிமீட்டர் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தியது. பாதரசம் தண்ணீரைப் போல் 13.6 மடங்கு கனம். பெருக்கிப் பாருங்கள். அதே காற்று தண்ணீரை 10.3 மீட்டர், அதாவது சுமார் 34 அடி உயரம்தான் தள்ள முடியும். அதற்குமேல் ஏற்ற உறிஞ்சுகிற பம்பு எதனாலும் முடியாது, மோட்டார் நூறு குதிரைச் சக்தியாக இருந்தாலும் சரி.

இந்த 34 அடியும் ஏட்டுக் கணக்கு. குழாயில் உரசல், வளைவுகள், இணைப்பில் காற்றுக் கசிவு, புட்வால்வில் அடைப்பு எல்லாம் போக, நடைமுறையில் 20 அடிக்குள் வைத்துக்கொள்வதே நல்லது. 15 அடிக்குள் இருந்தால் இன்னும் உத்தமம். மலைமேல் காற்றின் பாரம் குறைவு. 1648-இல் பிரான்சு நாட்டில் பாஸ்கல் என்பவர் தம் மைத்துனரை ஒரு மலைமேல் பாதரசக் குழாயோடு அனுப்பி இதை நிரூபித்தார். நம் ஊட்டியில் ஏட்டுக் கணக்கே சுமார் 26 அடிதான். மலைத் தோட்டக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே மோட்டார் வாங்கும் முன் ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி அளந்து பாருங்கள். சித்திரை வைகாசியில், பம்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். ஏனென்றால் இறைக்க இறைக்க மட்டம் இறங்கும். பம்பிலிருந்து தண்ணீர் மட்டம் 20 அடிக்கு மேல் போனால் பம்பைக் கீழே இறக்குங்கள். அல்லது தண்ணீருக்குள்ளேயே மூழ்கி நின்று கீழிருந்து தள்ளுகிற பம்பைப் போடுங்கள். கீழிருந்து மேலே தள்ளுவதற்குத்தான் குதிரைச் சக்தி உதவும்.

ஓர் எச்சரிக்கை. டீசல் எஞ்சினை மட்டும் கிணற்றுக்குள் இறக்காதீர்கள். அதன் புகையில் உள்ள விஷவாயு கிணற்றுக்குள் தங்கி, இறங்கிய ஆளைக் கொன்றுவிடும்.

ஒரு அடிதானே!

அடுத்து ஏரிக்கரைக்கு வருவோம். தண்ணீருக்குள் ஒரு அடி ஆழத்தில் ஒவ்வொரு சதுர அடிமேலும் சுமார் 28 கிலோ அழுத்தம் இருக்கிறது. பத்தடி ஆழத்தில் 280 கிலோ. இது ஆழத்தை மட்டும் பொறுத்தது, அகலத்தைப் பொறுத்தது அல்ல. பத்தடித் தண்ணீர் நிற்கிற சின்னக் குட்டையின் கரைமேலும், வீராணம் போன்ற பெரிய ஏரியில் பத்தடி ஆழத்திலும் அழுத்தம் ஒன்றே. “சின்ன ஏரிதானே” என்று கரையை அலட்சியம் செய்யக் கூடாது. கீழே போகப் போக அழுத்தம் கூடுவதால்தான் நம் முன்னோர் கரையின் அடியை அகலமாகவும் தலையைக் குறுகலாகவும் போட்டார்கள்.

ஏரி நிரம்பும்போது சில ஊர்களில் கலங்கின்மேல் மணல் மூட்டை அடுக்கி, இன்னும் ஒரு அடி தண்ணீரைத் தேக்குவார்கள். “ஒரு அடிதானே சார்” என்பார்கள். கணக்கைக் கேளுங்கள். பத்தடித் தண்ணீர் கரையின் ஒவ்வொரு அடி நீளத்தையும் சுமார் 1,400 கிலோ எடையோடு தள்ளுகிறது. பதினோரு அடியானால் 1,700 கிலோ. உயரம் பத்தில் ஒரு பங்கு கூடினால், தள்ளும் பாரம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. ஆயிரம் அடி நீளக் கரைக்கு அந்த ஒரு அடி தருகிற கூடுதல் பாரம் 300 டன்! கலங்கு என்பது நம் முன்னோர் கரைக்கு எழுதி வைத்த உயிர்ச் சீட்டு. அதை அடைக்காதீர்கள்.

எலி வளை, நண்டு வளை எல்லாம் அழுத்தம் மிகுந்த அடிப்பகுதியில் இருந்தால் ஆபத்து அதிகம். மழைக்கு முன்பே தோண்டிக் களிமண் போட்டு இடித்து மூடுங்கள். மழைக்காலத்தில் கரையின் வெளிப்புற அடியைச் சுற்றி வந்து பாருங்கள். தெளிந்த தண்ணீர் கசிந்தால் கண்காணியுங்கள். கலங்கல் தண்ணீர் வந்தால், கரை மண் உள்ளே கரைந்து வருகிறது என்று அர்த்தம். உடனே அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். அதுவரை ஊற்றின் வாயை வெளியிலிருந்து அடைக்க முயலாதீர்கள். தண்ணீர் வேறு வழி தேடும். அதைச் சுற்றிக் கிணற்றுச் சுவர் போல மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்குங்கள். அதற்குள் தண்ணீர் ஏறி நின்று எதிர் அழுத்தம் கொடுக்கும். வேகம் குறையும், மண் கரைவது மட்டுப்படும்.

முட்டை சொல்லும் தீர்ப்பு

கிணற்றில் குடத்தை விட்டு இழுத்தவர்களுக்குத் தெரியும். குடம் தண்ணீருக்குள் இருக்கும்வரை லேசாக வரும். மட்டத்தை விட்டு வெளியே வந்ததும் கை கனக்கும். பொருளின் அடியில் அழுத்தம் அதிகம், தலையில் குறைவு. அதனால் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. எவ்வளவு தண்ணீரைப் பொருள் ஒதுக்குகிறதோ, அந்தத் தண்ணீரின் எடையளவுக்குத் தூக்கல் கிடைக்கும் என்று ஆர்க்கிமிடீஸ் என்ற கிரேக்க அறிஞர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொன்னார். தண்ணீரின் கனத்தைக் கூட்டினால் தூக்கலும் கூடும். இதை வைத்தே நல்ல விதை நெல்லைப் பிரிக்கலாம்.

சாதாரணத் தண்ணீரில் விதை நெல்லைக் கொட்டினால் பதர் மட்டும் மிதக்கும். அரைகுறையாகப் பால் பிடித்த கருக்காய் தப்பித்து உள்ளே போய்விடும். அதை நாற்றங்காலில் விட்டால் நாற்று சோனியாகத்தான் வரும்.

ஒரு பெரிய அண்டாவில் 15 லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். புதுக் கோழி முட்டை ஒன்றைப் போடுங்கள். அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். சமையல் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். முட்டை எழுந்து வரும். அதன் மேல்பக்கம் பழைய நாலணாக் காசு அளவுக்கு வெளியே தெரிந்ததும் உப்புப் போடுவதை நிறுத்திவிடுங்கள். முட்டையை எடுத்துவிட்டு 10 கிலோ விதையைக் கொட்டிக் கிளறுங்கள். மிதப்பதையெல்லாம் அரித்து எடுத்துவிட்டு, அடியில் தங்கிய விதையை உடனே நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசுங்கள். உப்பு தங்கினால் முளைப்பு கெடும்.

முட்டை புதிதாக இருப்பது முக்கியம். நாள்பட்ட முட்டைக்குள் காற்று சேர்ந்திருக்கும். அது சீக்கிரமே மிதந்து உங்களை ஏமாற்றிவிடும். அரித்தெடுத்த கருக்காயை அலசிக் கோழிக்குப் போடலாம். ஆனால் மருந்து கலந்த விதையாக இருந்தால் போடவே கூடாது.

இலைமேல் ஓடும் முத்து

தாமரை இலைத் தண்ணீர் என்று சொல்கிறோம். சேப்பங்கிழங்கு இலை, முட்டைக்கோசு, வெங்காயத் தாள், நெல் தோகை எல்லாவற்றிலும் அப்படித்தான், தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடிவிடும். தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய தோல் போல இருக்கிறது; எப்போதும் தன்னைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கும். மெழுகு பூசிய இலையோடு அது ஒட்டாது. நீங்கள் காசு போட்டு வாங்கிய மருந்தும் அந்த முத்தோடு உருண்டு மண்ணில் விழுகிறது. “மருந்து கேக்கலை சார், போலி மருந்து” என்கிறோம். பல சமயம் மருந்து இலையில் தங்கவே இல்லை என்பதுதான் விஷயம்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை காட்டுங்கள். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, தையல் ஊசியைப் படுக்க வைத்தாற்போல் மெதுவாக மேலே விடுங்கள். இரும்பு ஊசி மிதக்கும். ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் விடுங்கள், ஊசி மூழ்கிவிடும். சோப்பு அந்தத் தோலைத் தளர்த்திவிடுகிறது. அதனால்தான் மருந்து தெளிக்கும்போது லிட்டருக்கு 1 மில்லி ஒட்டும் திரவம் சேர்க்கச் சொல்கிறோம். வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி எண்ணெய் எடுத்து, முதலில் சோப்புக் கரைசலோடு பால் போல வரும்வரை அடித்துக் கலக்கி, பிறகு தண்ணீரில் சேருங்கள். இல்லையென்றால் எண்ணெய் மேலே தனியாக மிதந்து, ஓரிடத்தில் இலையைக் கருக்கும். மற்ற இடத்தில் வெறும் தண்ணீர்தான் விழும்.

இதே குணம் மண்ணுக்குள்ளும் வேலை செய்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, மண்ணின் மெல்லிய இடைவெளிகள் வழியாக ஈரம் மேலே ஏறி வெயிலில் போய்விடும். மழைக்குப் பின் மேல்மண் காய்ந்து இறுகும் சமயத்தில் களைக்கொத்தால் லேசாகக் கொத்திவிட்டால் அந்தத் திரி அறுந்து போகும். அடி ஈரம் பயிருக்கு மிஞ்சும். மானாவாரிக்காரர்கள் களைக்காக மட்டும் கொத்துவதாக நினைக்க வேண்டாம். அது ஈரத்துக்குப் போடும் மூடியும் ஆகும்.

பெருமக்களே, சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டார் வாங்கும் முன் கயிற்றால் அளந்து பாருங்கள். கலங்கை அடைக்காதீர்கள். விதையை உப்புத் தண்ணீரில் போட்டுத் தேர்ந்தெடுங்கள். மருந்தோடு ஒட்டும் திரவம் சேருங்கள். இதில் எதற்கும் பெரிய செலவில்லை. ஒரு முழக் கயிறும், ஒரு கல்லும், ஒரு முட்டையும், கொஞ்சம் உப்பும் போதும் என்று சொல்ல வந்தேன். கயிறு மட்டும் ஒரு முழம் போதாது, உங்கள் கிணற்று ஆழத்துக்கு வேண்டும்.

அந்தப் பெரியவரின் கிணற்று மேடை இன்றைக்கும் இருக்கிறது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன். யாராவது என்னிடம் மோட்டாரைப் பற்றிக் கேட்டால், பதில் சொல்லும் முன் நான் கேட்பது ஒன்றுதான்: “தண்ணி எத்தனை அடியில நிக்குதுங்க?”