இளமைக்கு அளவுகோல் எது?



இளமையென்பது வயதன்று, கற்கும் ஆவலே இளமை. இதற்குச் சான்றாக இசைஞானி இளையராஜாவைக் காட்ட விரும்புகிறேன். அவர் 1943ஆம் ஆண்டு பண்ணைப்புரத்திற் பிறந்தவர். தமையனார் பாவலர் வரதராசனின் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசித்து ஊரூராகச் சென்றவர். சென்னைக்கு வந்தபின், தெரிந்தது போதுமென்று இருந்துவிடாமல், தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து மேனாட்டிசையைக் கற்றார். 'அன்னக்கிளி' வந்தது 1976இல். திருவாசகத்தைச் சிம்பொனி இசையில் அளித்தது 2005இல். இலண்டனில் தமது சிம்பொனியை அரங்கேற்றியது 2025 மார்ச் 8இல், தம் 81 வயதில்.

இத்தனைக்கும் பிறகு, தமக்கு இசை தெரியாதென்றே அவர் மேடைகளிற் கூறியிருக்கிறார். இது வெறும் பணிவன்று. தெரியாதென்பவனே நாளையும் கற்பான்.

இன்று கைப்பேசியைத் தொட்டாற் பாட்டு ஒலிக்கிறது. கணினியே மெட்டமைத்துத் தருகிறது. கருவிகளை நான் பழிக்கவில்லை. ஆயினும் நமக்காகச் சாதகம் செய்யும் கருவி எதுவுமில்லை.

நமக்கும் சொந்த முதலொன்று உண்டு. தம்பலகாமம் வீரக்கோன் முதலியார் நம் வெருகற் பெருமான்மீது 'சித்திரவேலாயுதர் காதல்' பாடினார். அதனை ஏடு பாராமற் பாடவல்ல இளைஞர் நம்மில் எத்தனை பேர்? பெரியோர்களே, அறிந்தவற்றை எங்களுக்குச் சொல்லித் தாருங்கள். நண்பர்களே, அடுத்த திருவிழாவில் ஒரு மாலையேனும் ஒலிபெருக்கிப் பாட்டுக்கு ஓய்வளித்து, நம் குரலாலே அந்நூலைப் பாடுவோம்.